ஸ்கோர் ஓடுகிறது, ஆர்கெஸ்ட்ரா ஒலிக்கவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மியூஸ்ஸ்கோர், டோரிகோ, சிபெலியஸ் போன்ற இசைக்குறி மென்பொருள்களில் எழுதிய ஸ்கோரை (எல்லாக் கருவிகளுக்கும் எழுதிய இசைத்தாளை) மெய்நிகர் ஆர்கெஸ்ட்ரா ஒலிகளில் கேட்க முயலும்போது எழும் பிழைகள் பெரும்பாலும் புதியவை அல்ல. அதே சில பிழைகள்தாம் வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு முகத்தோடு வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே தந்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், பணமும் நேரமும் கேட்கும் காரணம் கடைசியிலும் வரும். இந்த வரிசையை மாற்றாமல் சரிபார்ப்பது நல்லது. புதிய டிஸ்க் வாங்கிய பிறகு மிக்ஸரில் ஒரு பொத்தான் அழுந்தியிருந்தது தெரியவந்தால், செலவழித்த பணம் திரும்பி வராது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

பிழையுள்ள கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். பிறகு புதிய கோப்பு ஒன்றில் ஒரே ஒரு வயலின் ஸ்டேவ் (ஐந்து கோட்டு வரி) அமைத்து நான்கு பார் (தாளக் கட்டம்) எழுதுங்கள்: முதல் பாரில் கிரெசெண்டோ (ஒலி படிப்படியாக வளர்வது) போட்ட, பார் முழுதும் நீளும் ஒரு ஸ்வரம், இரண்டாவதில் அதே கிரெசெண்டோவோடு நான்கு கால் ஸ்வரங்கள், மூன்றாவதில் அதே நான்கும் பிட்ஸிகாட்டோ (தந்தியை விரலால் மீட்டுவது), நான்காவதில் மீண்டும் ஆர்க்கோ (வில்லால் வாசிப்பது). இதை முதலில் மென்பொருளோடு வரும் ஒலியிலும் (மியூஸ்ஸ்கோரில் எம்எஸ் பேசிக், டோரிகோவில் ஹாலியன் சோனிக்), அடுத்து நீங்கள் தனியாக நிறுவிய ஒலித்தொகுப்பிலும் கேளுங்கள்.

இரண்டிலும் பிழை இருந்தால் கோளாறு ஸ்கோரிலோ ஆடியோ அமைப்பிலோ இருக்கிறது. தனியாக நிறுவியதில் மட்டும் பிழை இருந்தால், கோளாறு பிளகினிலோ (ஒலித்தொகுப்பை மென்பொருளுக்குள் இயக்கும் துணைநிரல்), ஸ்கோரையும் பிளகினையும் இணைக்கும் மேப்பிலோ இருக்கிறது. சோதனைக் கோப்பு சரியாக ஒலித்து உங்கள் பெரிய கோப்பில் மட்டும் பிழை இருந்தால், அந்தக் கோப்பின் அமைப்பையோ கணினியின் திறனையோ பார்க்க வேண்டும். கீழே வரும் எல்லாக் கிளைகளும் இந்த விடையிலிருந்துதான் பிரிகின்றன.

## அறிகுறி: கர்சர் நகர்கிறது, சத்தமே இல்லை

மென்பொருளோடு வரும் ஒலியும் கேட்கவில்லை என்றால், மென்பொருளின் ஆடியோ அமைப்பைத் திறந்து, வெளியீட்டுச் சாதனமாக எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரை இணைத்தாலோ, ப்ளூடூத் ஹெட்ஃபோனை ஒருமுறை போட்டுக் கழற்றினாலோ, வெளியீடு சொல்லாமல் இடம் மாறிவிடும். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (ஆடியோ சாதனத்தோடு நேரடியாகப் பேசும் டிரைவர்) பயன்படுத்துபவர்கள், வேறொரு ஆடியோ மென்பொருள் அதே டிரைவரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்து அதை மூடிவிட்டு மீண்டும் முயல வேண்டும். பல ஏசியோ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கு மட்டுமே வழிவிடும்.

ஒலித்தொகுப்பு மட்டும் மௌனமாக இருந்தால், பிளகினின் திரையைத் திறந்து அங்கே காட்டப்படும் கீபோர்டைச் சுட்டியால் அழுத்திப் பாருங்கள். ஒலித்தால் பிளகின் நலமாக இருக்கிறது. ஸ்கோர் அனுப்பும் மிடி (ஸ்வரக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் முறை) சேனலும் பிளகினில் அந்தக் கருவி கேட்கும் சேனலும் ஒன்றாக இல்லை. ஒலிக்காவிட்டால் அதே திரையில் எக்ஸ்பிரஷன் அளவைப் பாருங்கள். சிசி11 என்னும் கன்ட்ரோலர் (ஒலியைக் கட்டுப்படுத்தும் எண்ணிட்ட மிடி கட்டளை) 0-இல் நின்றுபோனால் கருவி முழுதாக அடங்கிவிடும். சிசி1 அடியில் கிடந்தால் கேட்கவே முடியாத அளவுக்கு மெலிந்துவிடும்.

பிளகின் பட்டியலிலேயே இல்லை என்றால், அதன் வடிவத்தைச் சரிபாருங்கள். மியூஸ்ஸ்கோர் 4 விஎஸ்டி3 வகையை மட்டுமே ஏற்கும். பழைய விஎஸ்டி2 பிளகின் எத்தனை முறை நிறுவினாலும் அதில் தோன்றாது. விண்டோஸில் விஎஸ்டி3 பிளகின்களுக்குரிய இடம், புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் காமன் ஃபைல்ஸ், அதனுள் விஎஸ்டி3. சிலர் டி டிரைவில் இடம் இருக்கிறது என்று பிளகினையும் அங்கே மாற்றிவிடுகிறார்கள். சாம்பிள்களை (பதிவு செய்த ஒலிக் கோப்புகளை) மாற்றலாம், பிளகினை அதன் இடத்திலேயே விட வேண்டும். டோரிகோவில் கூடுதலாக, அமைப்புகளில் உள்ள விஎஸ்டி பிளகின் பக்கத்தில் தடைப்பட்டியலைப் பாருங்கள். முன்பு ஒருமுறை செயலிழந்த பிளகின் அங்கே ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும்.

சாம்பிள் கோப்புகள் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், வெளி டிஸ்கின் டிரைவ் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நேற்று ஈ என்று இருந்தது இன்று எஃப் என்று ஆகியிருந்தால், எழுத்தை விண்டோஸிலேயே பழையபடி மாற்றுவது ஒவ்வொரு ஒலித்தொகுப்புக்கும் புதிய இடத்தைக் காட்டிக்கொண்டிருப்பதைவிட எளிது. காண்டாக்டில் (சாம்பிள்களை வாசிக்கும் ஒரு பிளகின்) இயங்கும் ஒலித்தொகுப்பு கால் மணி நேரம் ஒலித்துவிட்டு நின்றுபோனால் அது பழுது அன்று: முழுப் பதிப்புக்கு உரிய தொகுப்பை இலவச காண்டாக்ட் பிளேயரில் திறந்தால் 15 நிமிடம் மட்டுமே ஓடும்.

நிபுணரை நாட வேண்டிய இடம்: உரிமம் ஏற்கப்படவில்லை என்ற செய்தி, சரியான கணக்கில் நுழைந்த பிறகும் தொடர்ந்தால், அழித்து நிறுவிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பதிப்பு எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்து விற்றவரின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்ற சத்தம் வந்தால் உடனே இணைப்பை எடுத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். அதன் மேல் எந்தச் சோதனையும் ஓட்டக் கூடாது.

## அறிகுறி: கருவி மாறி ஒலிக்கிறது

எல்லா ஸ்டேவும் பியானோவாக ஒலித்தால், மென்பொருளுக்குக் கருவிக்கு ஏற்ற ஒலி கிடைக்கவில்லை என்று பொருள். மியூஸ் சவுண்ட்ஸ் (மியூஸ்ஸ்கோருக்கான ஒலித்தொகுப்பு) நிறுவியவர்கள் மியூஸ்ஸ்கோரை மூடித் திறந்தார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழைய கோப்புகள் முன்பிருந்த எம்எஸ் பேசிக் ஒலியிலேயே திறக்கும். மிக்ஸரில் ஒவ்வொன்றாகவோ பிளேபேக் அமைப்பில் மொத்தமாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட பிறகு, பலர் பழைய ஸ்கோர்களை மியூசிக்எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரைக் கொண்டுசெல்லும் கோப்பு வடிவம்) வழியாக வேறு மென்பொருளுக்கு மாற்றிவருகிறார்கள். அந்தக் கோப்பு ஸ்வரங்களையும் குறிகளையும் கொண்டுவருமே தவிர, எந்த ஸ்டேவுக்கு எந்தப் பிளகின் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவராது. ஆகவே இறக்குமதிக்குப் பின் கருவிப் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, டோரிகோவானால் பிளேபேக் டெம்ப்ளேட்டை மறுபடி பொருத்துங்கள். சிபெலியஸானால் பிளேபேக் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பிளகினுக்கு எதிரே சரியான சவுண்ட் செட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வயலின் கேட்ட இடத்தில் வயோலா வந்தால் அது எண் பிசகு. ஜெனரல் மிடி என்னும் பொதுவான கருவி எண் பட்டியலில் வயலின் 41, வயோலா 42. ஆனால் சில மென்பொருள்கள் எண்ணிக்கையை 0-இலிருந்து தொடங்குவதால் அவற்றில் வயலின் 40, வயோலா 41. மேப்பில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பார்த்தால் தீர்ந்துவிடும்.

ஒரு ஸ்டேவின் ஸ்வரங்கள் இன்னொரு கருவியிலும் சேர்ந்து ஒலித்தால், பிளகினில் அந்தக் கருவியின் சேனல் ஓம்னி (எல்லாச் சேனலையும் கேட்பது) என்று இருக்கிறது. ஒரு மிடி போர்ட்டுக்கு 16 சேனல்கள்தாம். பதினேழாவது கருவிக்கு அடுத்த போர்ட்டோ, பிளகினின் இன்னொரு பிரதியோ வேண்டும். தாளக் கருவிகளில் ஸ்னேருக்குப் பதிலாக சிம்பல் வந்தால் பெர்கஷன் மேப்பை (எந்தத் தாளக் கருவிக்கு எந்த விசை என்ற பட்டியலை) பாருங்கள். ஜெனரல் மிடியில் பேஸ் டிரம் 36, ஸ்னேர் 38. ஆனால் ஆர்கெஸ்ட்ரா ஒலித்தொகுப்புகள் இந்த இடங்களைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## அறிகுறி: பிட்ஸிகாட்டோ எழுதியும் வில்லோசையே வருகிறது, அல்லது எழுதாத அடி ஸ்தாயி ஸ்வரம் கேட்கிறது

அதிக நேரத்தை விழுங்குவது இந்தப் பிழைதான். ஆகவே படிப்படியாகப் போவோம்.

முதல் படி, எழுத்தின் வகை. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் "பிட்ஸ்." என்ற சொல், சாதாரண உரையாகத் தட்டப்பட்டதா, வாசிப்பு முறைக் குறியாகச் சேர்க்கப்பட்டதா என்பதை மென்பொருள் வேறுபடுத்துகிறது. டோரிகோவில் அதைப் பிளேயிங் டெக்னிக் பெட்டி வழியாகவும், சிபெலியஸில் டெக்னிக் எழுத்து வகையிலும், மியூஸ்ஸ்கோரில் பேலட்டிலிருந்தும் இட வேண்டும். அச்சில் எந்த வேறுபாடும் தெரியாது என்பதால்தான் கண் இதைத் தவறவிடுகிறது. அந்தச் சொல்லை அழித்துவிட்டு முறைப்படி மறுபடி சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாம் படி, மேப் இருக்கிறதா. ஒலித்தொகுப்புகள் ஆர்க்கோ, பிட்ஸிகாட்டோ, ஸ்டக்காட்டோ (வெட்டி வாசிப்பது), டிரெமலோ (வில்லை நடுக்கி விரைவாக வாசிப்பது) ஆகியவற்றுக்கு இடையே மாற, கருவியின் வீச்சுக்கு வெளியே உள்ள சில ஸ்வரங்களைக் கட்டளையாக வைத்திருக்கும். இவற்றைக் கீஸ்விட்ச் என்பார்கள். காண்டாக்டில் இயங்கும் பல தொகுப்புகளின் திரைக் கீபோர்டில் இவை சிவப்பாகவும், வாசிக்கத்தக்க ஸ்வரங்கள் நீலமாகவும் தெரியும். எந்தக் குறிக்கு எந்தக் கீஸ்விட்ச் என்று சொல்லும் பட்டியலே டோரிகோவில் எக்ஸ்பிரஷன் மேப், சிபெலியஸில் சவுண்ட் செட். டோரிகோவில் மேப்பை இறக்குமதி செய்தால் மட்டும் போதாது. பிளகினின் எண்ட்பாயின்ட் அமைப்பில் அந்தச் சேனலுக்கு அதைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இத்தகைய மேப் வசதி இல்லாத இடத்தில், கீஸ்விட்ச் ஸ்வரத்தையே ஸ்கோரில் எழுதி, அச்சில் வராதபடி மறைத்துவைக்கும் வழக்கம் உண்டு.

மூன்றாம் படி, ஸ்தாயி எண். மேப் சரியாக இருந்தும் ஒலி மாறவில்லை என்றால், மிடி எண் 60-க்கு இரண்டு பெயர்கள் புழங்குவதை நினைவில் கொள்ளுங்கள். யமஹா வழக்கத்தில் அது சி3. இன்னொரு வழக்கத்தில் அதுவே சி4. காண்டாக்ட் முதல் வழக்கத்தைப் பின்பற்றுவதால், ஒலித்தொகுப்பின் கையேடு சி0 என்று சொல்வதை இரண்டாம் வழக்கத்தில் உள்ள மென்பொருளில் சி1 என்று எழுதினால்தான் அதே விசை அழுந்தும். பெயரை நம்பாமல் எண்ணை எழுதுவதே என் பரிந்துரை. 24 என்றால் எங்கும் 24-தான்.

நான்காம் படி, வீச்சு. வயலினின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் மிடி எண் 55. அதற்குக் கீழே 24-இல் கீஸ்விட்ச் வைத்தால் எந்த மோதலும் இல்லை. ஆனால் செல்லோ 36 வரையும், டபுள் பேஸ் 28 வரையும், நீட்டிப்புள்ள டபுள் பேஸ் 24 வரையும் இறங்கும். இதனால் பல தொகுப்புகளில் பேஸுக்கான கீஸ்விட்ச் மேல் ஸ்தாயியில் இருக்கும். வயலினுக்குச் செய்த மேப்பை அப்படியே பேஸுக்கும் ஒட்டினால், ஒவ்வொரு பிட்ஸிகாட்டோவின் தொடக்கத்திலும் யாரும் எழுதாத ஒரு கனத்த அடி ஸ்தாயி ஸ்வரம் முனகும். பேஸுக்குத் தனி மேப் செய்வதைத் தவிர இதற்கு வழி இல்லை.

டிரெமலோ இயந்திரத் துப்பாக்கி போலப் படபடத்தால், மென்பொருள் அதைத் தனித்தனி ஸ்வரங்களாக உடைத்து அனுப்புகிறது. தொகுப்பில் டிரெமலோ சாம்பிள் இருந்தால் மேப்பில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

நிபுணரை நாட வேண்டிய இடம்: ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் தொகுப்புகளைக் கலந்து ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மேப் கட்டுவது நாள்கணக்கான வேலை. ஒத்திகைத் தேதி நெருங்கியிருந்தால், தயாராகச் செய்து விற்கப்படும் மேப்பை வாங்குங்கள். அல்லது மிடி புரோகிராமர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மேப் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு நோட்பர்ஃபார்மர் போன்ற, ஸ்கோரைத் தானே படித்து வாசிக்கும் கருவி பொருத்தமானது. அதன் ஒலி நிறம் பெரிய தொகுப்புகளின் அளவுக்கு வராவிட்டாலும், எழுதிய குறி எழுதியபடி கேட்கும். இசையமைப்பைச் சரிபார்க்க அதுவே முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

## அறிகுறி: பியானிஸிமோவும் (மிக மெல்ல) ஃபோர்ட்டிஸிமோவும் (மிக உரக்க) ஒரே அளவில் ஒலிக்கின்றன, கிரெசெண்டோ வளரவில்லை

ஒலியளவுக் குறியும் மேலே சொன்னபடி சாதாரண உரையாகத் தட்டப்பட்டிருக்கலாம். அதை முதலில் பாருங்கள். அது சரியென்றால், சோதனைக் கோப்பின் முதல் இரண்டு பார்களை ஒப்பிடுங்கள்.

கால் ஸ்வரங்களில் வேறுபாடு இருந்து, நீண்ட ஸ்வரம் மட்டும் வளரவில்லை என்றால், மென்பொருள் அளவை வெலாசிட்டி வழியாக அனுப்புகிறது. வெலாசிட்டி என்பது விசை அழுந்தும் கணத்தின் வேகம். ஸ்வரம் தொடங்கிய பின் அதை மாற்ற முடியாது. பியானோ, ஹார்ப், பிட்ஸிகாட்டோ, தாளக் கருவிகள் ஆகியவற்றுக்கு அது போதும். வில்லாலும் மூச்சாலும் நீளும் ஸ்வரங்களுக்குப் பெரும்பாலான தொகுப்புகள் சிசி1-ஐ எதிர்பார்க்கின்றன. டோரிகோவின் எக்ஸ்பிரஷன் மேப்பில் ஒலியளவுக்கான வழியைக் கன்ட்ரோல் சேஞ்ச் 1 என்று மாற்றிவிட்டு மீண்டும் கேளுங்கள். ஒரே வயலினில் ஆர்க்கோவுக்குச் சிசி1-உம் பிட்ஸிகாட்டோவுக்கு வெலாசிட்டியும் தேவைப்படுவதால், மேப்பில் இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

அளவு மாறுகிறது, நிறம் மாறவில்லை என்றால், சிசி1-க்குப் பதிலாகச் சிசி11 மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. சிசி11 சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். மெல்ல வாசித்த சாம்பிளிலிருந்து அழுத்தி வாசித்த சாம்பிளுக்கு மாறுவது சிசி1-இன் வேலை. ஹார்ன் ஃபோர்ட்டிஸிமோவில் அந்த உலோகப் பளபளப்பு வராமல் வெறுமனே உரக்க மட்டும் கேட்டால், காரணம் இதுவே.

எல்லாம் சரியாகச் சென்றும் சமநிலை தவறினால், அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பிள்கள் ஒவ்வொரு கருவியையும் தனியே பதிவு செய்தவை. கீழ் ஸ்தாயிப் புல்லாங்குழல் மிக்ஸரில் டிரம்போனை மிஞ்சலாம், மேடையில் ஒருபோதும் மிஞ்சாது. மிக்ஸரில் ஃபேடரை (ஒலியளவுச் சறுக்கியை) நகர்த்துவதற்கு முன், எழுதியதைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். தேவையானால் அனுபவமுள்ள ஆர்கெஸ்ட்ரேட்டரிடம் (ஆர்கெஸ்ட்ராவுக்குக் கருவி பிரித்து எழுதுபவரிடம்) காட்டுங்கள்.

## அறிகுறி: சுருதி மாறுகிறது

எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஏறியோ இறங்கியோ ஒலித்து, வேகமும் மாறியிருந்தால், மென்பொருளும் ஆடியோ சாதனமும் வெவ்வேறு சாம்பிள் ரேட்டில் (ஒரு நொடிக்கு ஒலியை அளக்கும் எண்ணிக்கை) இருக்கின்றன. 44,100-க்கும் 48,000-க்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை அரைஸ்வரம் (அரைஸ்வரம் என்பது பியானோவில் அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி). இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

ஒரு கருவி மட்டும் மாறினால் டிரான்ஸ்போஸ் (எழுதிய சுருதியை இடம் மாற்றி ஒலிக்கச் செய்வது) பிசகு. பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட இரண்டு அரைஸ்வரம் கீழாகவும், எஃப் ஹார்ன் ஐந்தாம் இடைவெளி கீழாகவும் ஒலிக்க வேண்டியவை. மென்பொருள் அந்த மாற்றத்தைத் தானே செய்து அனுப்பும். பிளகினிலும் டிரான்ஸ்போஸ் போட்டிருந்தால் இருமுறை இறங்கிவிடும். பிளகினில் 0 வையுங்கள். டபுள் பேஸும் பிக்கோலோவும் சரியாக ஒரு ஸ்தாயி விலகி ஒலித்தால், தொகுப்பு அவற்றை எழுதும் ஸ்தாயியில் அமைத்திருக்கிறது. அந்த ஒரு கருவிக்கு மட்டும் மேப்பில் 12 அரைஸ்வரம் ஈடுசெய்தால் போதும்.

## அறிகுறி: கரகரப்பு, திக்கல், இடையிடையே அறுந்துபோதல்

மடிக்கணினியை முதலில் மின்சாரத்தில் இணைத்து, மின்சேமிப்பு நிலையை நீக்குங்கள். அடுத்து பஃபர் (ஒலியை முன்கூட்டித் தேக்கிவைக்கும் இடம்) அளவை 1024-க்கு உயர்த்துங்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் இது சுமார் 21 மில்லி நொடித் தாமதம். ஸ்கோரைக் கேட்பதற்கு அது ஒரு பொருட்டே அன்று. மிடி கீபோர்டில் வாசித்து எழுதும் நேரத்தில் மட்டும் 256-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

அப்போதும் தீரவில்லை என்றால், தொகுப்பின் மைக் நிலைகளைப் பாருங்கள். அருகு, மேல், தொலைவு என மூன்று மைக்கையும் திறந்து வைத்தால், டிஸ்க்கிலிருந்து படிக்கும் வேலை ஏறத்தாழ மும்மடங்காகும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணையுங்கள். சாம்பிள் கோப்புறையை ஆன்டிவைரஸின் உடனடிச் சோதனையிலிருந்து விலக்குங்கள். வெளி டிஸ்க் யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் யுஎஸ்பி 3-க்கு மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் ராம் நிரம்பி வழிந்தால், இந்த ஸ்கோரில் இல்லாத வாசிப்பு முறைகளைத் தொகுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகே செலவு: சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது முதல், ராம் கூட்டுவது அடுத்து. புதிய கணினி கடைசி. யூடியூப் பாடலும் அதே போலக் கரகரத்தால் ஆர்கெஸ்ட்ரா ஒலிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஆடியோ இன்டர்ஃபேஸையும் கேபிளையும் வன்பொருள் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: தாமதம், விடுபட்ட ஸ்வரம், நிற்காத ஸ்வரம்

பிளே அழுத்தி ஒரு நொடி கழித்து இசை தொடங்கினால், அது நோட்பர்ஃபார்மரின் இயல்பு. அது முன்கூட்டி ஒரு நொடி ஸ்கோரைப் படித்துக்கொள்கிறது. ஆனால் தந்திக் கருவிகள் மட்டும் பியானோவுக்குப் பின்னால் இழுபட்டால், லெகாட்டோ (ஸ்வரங்களை இழைத்து வாசிப்பது) சாம்பிள்களின் மெதுவான தொடக்கமே காரணம். சிலவற்றில் 100 மில்லி நொடிக்கும் மேல் ஆகும். வேகமான பகுதிகளுக்கு லெகாட்டோ அல்லாத வாசிப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

டிவிசி (ஒரே குழு இரண்டாகப் பிரிந்து வாசிப்பது) எழுதிய இடத்தில் இரண்டு ஸ்வரத்தில் ஒன்று மட்டும் கேட்டாலும் லெகாட்டோவையே சந்தேகியுங்கள்: பல தொகுப்புகளில் லெகாட்டோ ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தைத்தான் வாசிக்கும். அந்தப் பகுதியை இரண்டு ஸ்டேவாகப் பிரித்து இரண்டு சேனலில் அனுப்பினால் சரியாகும்.

ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால், பிளேபேக்கை நிறுத்தி, எல்லா ஸ்வரத்தையும் அடக்கும் சிசி123 கட்டளையை அனுப்பும் பேனிக் பொத்தானை அழுத்துங்கள். மறுபடியும் அதே பாரில் மாட்டினால், அங்கே பெடல் குறி தொடங்கி முடியாமல் விடப்பட்டிருக்கும். சிசி64-ஐ (பெடல் கட்டளையை) விடுவிக்கும் குறியைச் சேருங்கள்.

## அறிகுறி: கேட்கும்போது சரி, ஆடியோ கோப்பில் பிழை

ஏற்றுமதி செய்யும்போது மென்பொருள் இசையை நிஜ வேகத்தைவிட வேகமாக ஓட்டுகிறது. மெதுவான டிஸ்க்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தொடக்க ஸ்வரங்கள் விடுபடும். முதலில் ஸ்கோர் முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டு, சாம்பிள்கள் ஏறிய பிறகு ஏற்றுமதி செய்யுங்கள். நிஜ வேகத்தில் ஏற்றுமதி செய்யும் தேர்வு இருந்தால் அதை எடுங்கள். கடைசி எதிரொலி வெட்டுப்பட்டால், இறுதியில் இரண்டு வெற்று பார்களைச் சேர்த்துவிட்டு, அச்சுக்குப் போகும் பிரதியிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள்.